ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ஏழாம் நாற்காலி

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நாவலூரில் நான் வேலை பார்த்த சப்டைட்டில் கம்பெனியில் எனக்குப் பின்னால் வந்து, இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மேடம், இப்போ டெஸ்ட் ஷோவுக்கு நாங்க யாரும் உக்கார்றதே இல்ல. ஒவ்வொரு சீட்டுக்கும் எதிர்ல ஒரு கேமரா. கண்ணு எங்க போவுது, உதடு எப்ப அசையுதுன்னு அதுவே கிராஃப் போட்டுக் குடுத்துடுது. புதுசா வந்திருக்கிற பசங்க நம்பவே மாட்டேங்கிறாங்க, இத மனுஷங்க கையால செஞ்சாங்கன்னு. நீங்க ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்களேன்."

எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன். வைத்த கையோடு அந்தக் கேமராவின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அதற்குக் கண் எரியாது. இடுப்பு வலிக்காது. முக்கியமாக, அதற்குப் புருஷன் கிடையாது.

பொறாமையை மூடி மறைத்துப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. மூன்று அக்கா தங்கைகளில் நடுவில் பிறந்தவள் நான். அக்காவுக்குப் புதுத் துணி, தங்கைக்குச் செல்லம், எனக்கு அக்காவின் பழைய துணி. அப்போது பிடித்த குணம். ஈஸ்டருக்கு முன்பு பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால், "வழக்கமானதுதான் சாமி" என்று சொல்லி முழங்காலில் நிற்பேன். சாமியாரும் வழக்கமான ஜெபத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. பட்டம் வாங்கினேன், குரோம்பேட்டையில் டைப்பிங் கற்றேன், ஒரு டிவி கம்பெனியில் டப்பிங் வசனங்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து இங்கே. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடும் இடம். முதல் ஒரு வருடம் எழுத்துப் பிழை திருத்தினேன். அப்புறம் வரதன் சார் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு மத்தவங்க மூஞ்சியப் பாக்குற பழக்கம் இருக்கும்மா. அத இங்க உபயோகப்படுத்து" என்றார். அந்தப் பழக்கத்துக்கு வீட்டில் வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

முகம் பார்ப்பதுதான் வேலை. ஒரு படத்துக்குச் சப்டைட்டில் எழுதி முடித்ததும் அதைப் பன்னிரண்டு பேருக்குப் போட்டுக் காட்டுவோம். சினிமாக்காரர்கள் இல்லை, சாதாரண ஜனங்கள். ஒரு வங்கி கிளார்க், ஒரு தையற்காரம்மா, ஒரு தறிக்காரர், ஒரு நர்ஸ். இவர்களை நாவலூருக்கு வரச்சொன்னால் வரமாட்டார்கள் என்பதால் குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்த சின்ன ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தோம். மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. முன்வரிசையில் ஒன்றிலிருந்து ஆறு, பின்வரிசையில் ஏழிலிருந்து பன்னிரண்டு. நாற்காலி முதுகில் எண் ஒட்டியிருக்கும். வந்தவர்களுக்கு அன்றைக்கு அந்த எண்தான் பெயர்.

பார்க்கிறவர்கள் இரண்டு பேர். திரைக்குக் கீழே இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர், திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களை நோக்கி உட்கார வேண்டும். மடியில் அட்டை, அதில் ஷீட், ஒரு கடிகாரம், அட்டைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்த சின்ன விளக்கு. ஆளுக்கு ஆறு முகம். எந்த நிமிடத்தில் யார் முகத்தில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பார்க்கிறவர் அந்தப் படத்தை முன்கூட்டியே பார்த்திருக்கக் கூடாது. கதை தெரிந்தால், இந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து, சிரிக்காதவனையும் சிரித்ததாக எழுதிவிடுவோம். ஆகவே இருபத்தொரு வருடத்தில் நூற்றுக்கணக்கான படங்களில் என் முதுகுக்குப் பின்னால் யார் யாரோ செத்தார்கள், சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் மட்டும்தான்.

இன்னொரு விதி, பார்க்கிறவருக்கு உறவோ நட்போ ஆன யாரும் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளில் உட்காரக் கூடாது. அதற்கு வரதன் சார் காரணம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஷீட்டை எடுத்தால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். கதை போல வாசித்துவிடக் கூடாது என்பதற்காகவாம். பிடிக்காத வார்த்தை வந்தால் அடிக்க மாட்டார், பென்சில் முனையை அதன் மேல் வைத்துக்கொண்டு நம்மைப் பார்ப்பார். நான் முதன்முதலில் எழுதிய ஷீட்டில் 'எண் 4 அழுதார்' என்று இருந்தது. பென்சில் அங்கே நின்றது.

"கண்ணுல தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"அப்போ அத எழுது. கண்ணில் நீர். அழுதாரா இல்லையான்னு அவருக்குத்தான் தெரியும். கீழ கல்யாணத்துக்கு வெங்காயம் அரிஞ்சுகிட்டு இருந்தாங்களே, எனக்கும்தான் கண்ணு எரிஞ்சுது."

சிரித்தார் என்று எழுதக் கூடாது, பல் தெரிந்தது என்று எழுத வேண்டும். தூங்கினார் என்று எழுதக் கூடாது, கண் மூடியிருந்தது, எத்தனை நிமிடம். பயந்தார் என்றால் தொலைந்தோம். கை எங்கே போனது, கால் என்ன செய்தது, அதைச் சொல்லு என்பார். இதற்கே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பிடிபட்ட பிறகு என் ஷீட்டில் பென்சில் நிற்பது நின்றுபோனது. முதல் வரிவரை மேலே போய், "சரி" என்று மட்டும் சொல்லித் திருப்பித் தருவார். அந்த ஒற்றைச் சொல்லைத் தவிர அவர் வாயிலிருந்து எனக்கு வேறொன்றும் கிடைத்ததில்லை.

நிவேதா வந்தாள். வந்த மூன்றாவது மாதமே அவள் ஷீட்டைப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றார். அன்றைக்கு நாவலூரிலிருந்து வீட்டுக்கு வருகிறவரைக்கும் பஸ்ஸில் எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குக் கண் கூர்மை, ஒத்துக்கொள்கிறேன். முன்வரிசையில் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டதைக்கூடக் குறித்திருந்தாள். எனக்கு எட்டு வருட அனுபவம் என்ன மண்ணாங்கட்டிக்கு என்று தோன்றியது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். ஸ்வீடன் நாட்டுப் படம், கறுப்பு வெள்ளை, ரொம்பப் பழசு. உலகம் முழுக்கப் பெரியவர்கள் கொண்டாடிய படம் என்று சொன்னார்கள். பெயரைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதை மீறவில்லை. அதில் ஒரு ஏழு நிமிடம் வசனமே இல்லை. வசனம் இல்லை என்றால் சப்டைட்டிலும் இல்லை. படத்தைக் கொடுத்த கம்பெனிக்காரர்களுக்கு அதுதான் கவலை. நம்ம ஊர் ஜனங்கள் வீட்டில் டிவியில் பார்க்கும்போது ஏழு நிமிடம் சும்மா இருந்தால் எழுந்து போய்விடுவார்கள், ஆகவே அந்த இடத்தில் அந்தப் பாத்திரத்தின் மனதில் ஓடுவதைச் சப்டைட்டிலாகப் போடலாமா என்று கேட்டார்கள். டெஸ்ட் ஷோ முடிவு செய்யட்டும் என்றார் வரதன் சார். எங்கள் கணக்கு எளிது. ஒரே காட்சியில் மூன்று பேருக்குக் கண் மூடியிருந்தால் அந்தக் காட்சிக்கு உதவி தேவை. இரண்டு பேர் என்றால் தேவையில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. அனகாபுத்தூரில் ஆற்றோரம் தண்ணீர் ஏறிவிட்டது என்று அங்கிருந்து வர வேண்டிய இருவரில் ஒருவர் வரவில்லை. பத்தே கால் ஆகிவிட்டது. கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்து, "பதினோரு பேர்தான் இருக்காங்க?" என்றார். ஆள் பிடிக்கிற பொறுப்பு என்னுடையது. அஸ்தினாபுரத்தில் என் வீட்டுக்குப் போன் செய்தேன்.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். விசிலும் வெயிலுமாக இருந்து இருந்து அவர் முகம் ஒரு மாதிரி இறுகிப் போயிருக்கும். அவர் அம்மாவை அடக்கம் செய்தபோது மொத்தக் குடும்பமும் அழுதது, அவர் மட்டும் குழிக்குப் பக்கத்தில் நின்று ஆட்களுக்கு வழிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட முகத்தில் என்ன எழுதப் போகிறேன், ஒன்றும் இருக்காது, எண்ணிக்கைக்கு ஒரு ஆள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். வரதன் சாரிடம், "ஒரு ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் சார், வர்றேன்னுட்டார்" என்றேன். பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். படிக்கட்டில் வைத்துச் சொன்னேன்.

"என்னங்க, என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

"அது எனக்குப் பழக்கம்தான்" என்றார்.

அதை யோசிக்க எனக்கு நேரம் இல்லை. ஏழாம் நாற்காலியில் உட்கார வைத்தேன். எட்டில் ஒரு டீச்சர், நாற்பத்தைந்து வயது இருக்கும், சாம்பல் நிறப் புடவை. ஒன்பதில் அனகாபுத்தூர் தறிக்காரர். இவர்கள் மூவரும் என் பக்கம். நிவேதா வலது பக்கம் உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டவள், அவர் யார் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. ஒரு தடவை என்னைப் பார்த்தாள், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

விளக்கு அணைந்தது. முதல் முக்கால் மணி நேரம் வழக்கம் போலத்தான். எண் 2 கொட்டாவி. எண் 9 பல் தெரிந்தது. எண் 7 ஒன்றுமில்லை. எண் 7 ஒன்றுமில்லை. எழுதி எழுதி எனக்கே சிரிப்பு வந்தது. இந்த மனிதரோடு இருபத்து நான்கு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் என் முதுகுக்குப் பின்னால் சத்தம் நின்றது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. கீழே மண்டபத்தில் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும். எண் 2 கண்ணை மூடினார். என் கண் பின்வரிசைக்குப் போனது. ஏழாம் நாற்காலியில் அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது.

சாரின் முறைப்படியே சொல்கிறேன். முதலில் தாடை தளர்ந்தது. அப்புறம் கீழுதடு உள்ளே போனது. கண் இமைக்கவில்லை, நான் எண்ணினேன், இருபது வரை எண்ணினேன். அப்புறம் இரண்டு கண்ணிலும் நீர். வலது கண்ணிலிருந்து இறங்கி மீசையில் நின்றது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்தன்று பார்த்ததில்லை, எங்கள் மகள் பிறந்தபோது பார்த்ததில்லை.

எட்டாம் எண் கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணை ஒற்றிக்கொண்டாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தக் கைக்குட்டையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

என் கையில் பென்சில் இருந்தது, ஷீட் இருந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் பின்னால் திரையில் எவளோ ஒருத்தி இருக்கிறாள், அவள் என் புருஷனை இப்படி ஆக்கிக்கொண்டிருக்கிறாள், நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இன்னொருத்தி அவருக்குக் கைக்குட்டை கொடுக்கிறாள், நான் எழுந்து போகக் கூடாது. ஏழு நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் குனிந்து எழுதினேன்: 'எண் 7. 52 முதல் 59 வரை. கண் மூடியிருந்தது.'

ஏன் அப்படி எழுதினேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டேன். அந்த முகம் எனக்குத் தராதது எந்த ஷீட்டிலும் பதிவாகக் கூடாது என்று நினைத்தேன். பொறாமைதான், வேறென்ன.

படம் முடிந்து டீ கொடுத்தோம். டீ நேரத்தில் ஜனங்கள் பேசுவதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தறிக்காரர் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டு சொன்னார்: "நான் பயந்துகினே இருந்தேம்மா. அந்தப் பொம்பள தலகாணிய எடுத்து அவன் மூஞ்சில வெச்சு அமுக்கிடப் போறான்னு. கடசி வரிக்கும் அமுக்கவே இல்ல. பேஜாரா கீது." வங்கிக்காரர், "கதையே நகரல மேடம், போட்டோ மாதிரி நிக்குது" என்றார். எட்டாம் எண் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "எங்க வீட்டுக்காரர் கடைசியா ஐசியூல இருந்தப்போ பதினோரு நாள் நான் இப்படித்தான் உக்காந்திருந்தேன். அந்தம்மா மூஞ்சில என்ன இருந்துச்சோ அதான் என் மூஞ்சிலயும் இருந்திருக்கும். இப்போதான் பாக்குறேன்." பாவம், புருஷனை இழந்தவள். அவள் மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்சம் கழித்து. முதலில் வந்தது, ஏழாம் எண் அவளோடு பேசிக்கொண்டு ஜன்னலோரம் ஏன் நிற்கிறார் என்பதுதான்.

ஒவ்வொருவரும் ஒரு அட்டை நிரப்பித் தர வேண்டும். அதில் 'எந்த இடம் மனதில் நின்றது?' என்று ஒரு கேள்வி. அவர் அட்டையை நான்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். விளையாட்டு மைதானத்தில் எழுதுகிற அந்தக் கோணல் எழுத்தில், 'சொல்ல விருப்பமில்லை' என்று எழுதியிருந்தார்.

ஹாலைப் பூட்டும்போது நிவேதாவிடம் கேட்டேன், சும்மா கேட்பது போல. அவள் படத்தின் அந்தப் பகுதியைச் சோதனை முடிந்த பிறகு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருந்தாள்.

"அந்த ஏழு நிமிஷத்துல என்னதான் இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். ஒரு பொம்பள நாற்காலில உக்காந்திருக்கா. அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப அழகா இருப்பா" என்றாள்.

அது போதாதா எனக்கு.

"மேடம், ஏழாம் நம்பர் சார் அழு..." என்று தொடங்கினாள்.

"உன் நாற்காலிய நீ பாரு. என் நாற்காலிய நான் பாத்துக்கிறேன்" என்றேன். அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி, அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளைப் பார்த்து நான் வயிறெரிந்த நாட்களுக்கெல்லாம் இதை எழுதிக் கழித்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை நாவலூரில் வரதன் சார் இரண்டு ஷீட்டையும் கீழிருந்து மேலாகப் படித்தார். என் ஷீட்டில் பல வருடங்களுக்குப் பிறகு பென்சில் நின்றது.

"எண் 2, கண் மூடியிருந்தது. எண் 11, கண் மூடியிருந்தது. எண் 7." நிமிர்ந்தார். "ரோஸ்லின், இது மூணாவது. மூணாவது வந்துட்டா அந்த இடத்துல எழுத்து போட்டே ஆகணும். அந்த ஏழு நிமிஷம் சும்மா இருக்கட்டும்னுதான் எனக்கு ஆசை. ஆனா என் ஆசைக்கு ஷீட்ல இடம் இல்ல. உறுதியாம்மா?"

"உறுதி சார்."

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தாடை தளர்ந்ததா, உதடு உள்ளே போனதா, தெரியவில்லை. முகம் பார்ப்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பார்த்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"வேற யார் ஷீட்டா இருந்தாலும் இன்னொரு ஷோ போட்டுப் பாத்திருப்பேன். நிவேதா ஷீட்டா இருந்தாலும் கூட. இது உன் ஷீட்டு. அதனால போடல" என்றார்.

பதினாறு வருடம் அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தேன். கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டில் நான் அவரிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். என் சுபாவம் அப்படி இல்லை. சாம்பாரில் உப்பு ஏறியது. "அந்த டீச்சர் எந்த ஏரியாவாம்?" என்று ஒரு நாள் கேட்டேன். "எந்த டீச்சர்?" என்றார். நடிக்கிறார் என்று நினைத்தேன். அவருடைய பழைய போட்டோக்களைத் துழாவினேன், கல்லூரியில் கூடப் படித்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரொம்ப அழகாக இருப்பாள் என்று நிவேதா சொன்னதற்கு எவளாவது ஒத்துவருகிறாளா என்று தேடினேன். அந்தப் படம் ஆபீசில் என் மேசைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் பார்த்திருக்கலாம். அவள் மூஞ்சியை நான் போய் ஏன் பார்க்க வேண்டும் என்ற வீம்பு. அவரோ எப்போதும் போல விடிகாலையில் எழுந்து, விசிலை மாட்டிக்கொண்டு, போய் வந்துகொண்டிருந்தார். ஐந்து வருடம் இப்படிப் போனது. வரதன் சார் ஓய்வு பெற்றார், பிறகு நான் பெற்றேன், அதே வருடம் இவரும் பெற்றார்.

இந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்து நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் வாங்கிக் கொடுத்த டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்டார்.

"ரோஸி, அந்தப் படம் வந்திருக்கு."

"எந்தப் படம்?"

"அன்னிக்கு மழைல கூப்ட்டியே, அது. ரொம்ப நாளாத் தேடிகிட்டு இருந்தேன்."

தேடிக்கொண்டிருந்தாராம். ஐந்து வருடமாகவா என்று எனக்குள் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபத்தொரு வருடம் வேலை பார்த்தவள், ஒரு டெஸ்ட் ஷோ படத்தை முன்பக்கமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கதை பெரிதாக இல்லை. பனி பெய்கிற ஒரு ஊர். புருஷன் பெண்டாட்டி. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, ஆனால் சண்டையும் இல்லை. ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. அவனுக்குக் காய்ச்சல் வருகிறது. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் அவன் தூங்குகிறான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்க்கிறாள். நிவேதா சொன்னது சரிதான், அழகாகத்தான் இருந்தாள்.

அவள் முகத்தின் மேல், வாய்க்குக் கீழே, எழுத்து வந்தது. 'இவரை நான் நேசிக்கிறேனா?' போனது. 'இல்லை, இவரை வெறுக்கிறேனா?' என்று அடுத்தது. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது.

அவர் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"இது அன்னிக்கு இல்லியே."

நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத் தெரியும். ஒரு எழுத்துகூட இல்ல. சும்மா பாத்துகிட்டே இருப்பா. எவன் போட்டான் இத?"

"நான்தாங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஷீட்டில் எழுதிய பொய்யை, மூன்றாவது ஆள் கணக்கை, வரதன் சாரிடம் உறுதி என்று சொன்னதை, எல்லாவற்றையும். ஆத்திரப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எதுக்கு அப்படி எழுதின?"

"நீங்க யாரையோ நினைச்சு அழுதீங்க."

"யாரை?"

"எனக்கென்ன தெரியும். அந்தக் கைக்குட்டைக்காரியோ, இதோ இவளோ, கல்யாணத்துக்கு முன்னாடி யாராவதோ."

அவருக்குச் சிரிப்பு வந்தது போல இருந்தது, வரவில்லை. திரையில் அந்தப் பெண் கண்ணைத் திறந்தபடி நின்றுபோயிருந்தாள்.

"ஒருத்தி உக்காந்து புருஷன் மூஞ்சியப் பாக்குறா. அவன் தூங்குறான், அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அவ பாட்டுக்குப் பாக்குறா. அதப் பாத்தேன், தாங்கல. அவ்ளோதான் விஷயம். நீ வேலை முடிஞ்சு வருவ. மூஞ்சி பாத்துப் பாத்து கண்ணு எரியுதுன்னு ஈரத்துணியக் கண்ணு மேல போட்டுகிட்டுப் படுத்துக்குவ. சோறு போடும்போதுகூடத் தட்டத்தான் பாப்ப. ஊர்ல இருக்கிறவன் கொட்டாவி விட்டா எழுதி வெச்சுக்குற. எனக்கு முடி நரச்சத என்னிக்குப் பாத்த நீ?" அவர் குரல் ஏறவே இல்லை. "அந்தப் பன்னெண்டு நாற்காலி மேல எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா, ரோஸி. நம்ம வீட்ல பொறாமை உனக்கு மட்டும்தான்னு நெனச்சுகிட்டு இருக்க."

ஆனால் என்னிடம் ஒரு பதில் இருந்தது, நல்ல பதில் என்றுதான் நினைத்தேன்.

"அன்னிக்கு அந்த ஏழு நிமிஷமும் நான் உங்களைத்தாங்க பாத்துகிட்டு இருந்தேன். கண்ணு இமைக்காம. அந்தப் பொம்பள பாத்த மாதிரியேதான்."

"தெரியும்" என்றார். "அது வேலைக்காக."

அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நிவேதாவிடம் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். தாடையா, உதடா, கண்ணில் நீரா, எத்தனை நிமிடம் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.